மூன்று அழைப்புகள்

பள்ளியில் இடம் காலியானால், விதிப்படி பெற்றோரை மூன்று முறை போனில் கூப்பிட்டால் போதும். மூன்றுக்கும் எடுக்கவில்லை என்றால் அந்த இடம் பட்டியலில் அடுத்த பிள்ளைக்குப் போய்விடும். சேர்க்கையைப் பார்த்துக்கொள்ளும் மார்லிஸ் மட்டும் ஆறு முறை, ஏழு முறை கூப்பிடுவாள். சாயங்காலம் நான் தரையைத் துடைத்து முடித்த பிறகும் ரிசீவரைக் காதில் வைத்தபடி, கண்கள் சொருக, அலுவலகத்திலேயே உட்கார்ந்திருப்பாள்.

எங்கள் பள்ளிக்கூடம் முன்பு சூப்பர் மார்க்கெட்டாக இருந்த கட்டடம். இறைச்சி விற்ற மூலையில் இப்போது நூலகம் இருக்கிறது. அதிபுத்திசாலிப் பிள்ளைகளுக்கான பள்ளி, கட்டணம் கிடையாது. அதனால் வகுப்புக்கு இருபது இடம் இருந்தால் தேர்வில் தேறி நிற்பவர்கள் இருநூறு பேர். குலுக்கல் போட்டு, மிஞ்சியவர்களை வரிசையாகக் காத்திருப்புப் பட்டியலில் எழுதுவார்கள். அந்தப் பட்டியலுக்காகப் பத்து வருடமாக ஏச்சு வாங்குகிறவள் மார்லிஸ். என்னிடம் எந்த அப்பாவும் சண்டைக்கு வருவதில்லை. கையில் துடைப்பம் இருப்பது எவ்வளவு நல்லது!

ஒருநாள் கேட்டே விட்டேன்.

"உனக்கென்ன கிறுக்கா? மூணு தடவைன்னு தானே ரூல்?"

அன்றைக்குத்தான் சொன்னாள்.

ஏழு வருடத்துக்கு முன்னால், ஆகஸ்ட் மாதம், மூன்றாம் வகுப்பில் ஒரே ஓர் இடம் காலியானது. பட்டியலில் முதலில் இருந்தவள் எராஸ்மோவின் மகள் யெசேனியா. இரண்டாவது, மார்லிஸின் மகள் பிரின். மார்லிஸ் ஒப்பந்த ஊழியர் என்பதால் சலுகை எதுவும் கிடையாது. எராஸ்மோவுக்கு இறைச்சி ஆலையில் ராத்திரி வேலை. பகலில் தூங்குவேன், ஐந்து மணிக்கு மேல் கூப்பிடுங்கள் என்று விண்ணப்பம் கொடுத்த அன்றே அவளிடம் சொல்லியிருந்தான்.

மார்லிஸ் ஒன்பது மணிக்குக் கூப்பிட்டாள். பதினொன்றுக்குக் கூப்பிட்டாள். ஒரு மணிக்கும் கூப்பிட்டாள். மூன்றையும் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். தவறிய அழைப்புகளைப் பார்த்துவிட்டு மறுநாள் காலையில் எராஸ்மோ ஓடி வந்தபோது இடம் நிரம்பியிருந்தது.

"நான் பொய் எழுதலை," என்றாள் என்னிடம். "நேரத்தைக்கூட சரியாத்தான் எழுதினேன்."

எனக்குக் கோபம் வந்தது. அவள் முகத்தைப் பார்த்ததும் அதைக் காட்ட முடியவில்லை. அந்த இடத்தில் சேர்ந்த பிரின் நன்றாகப் படித்தாள், பரிசெல்லாம் வாங்கினாள். ஒவ்வொரு பரிசுக்கும் மார்லிஸ் இன்னும் கொஞ்சம் களைத்துப்போனாள்.

இந்த மார்ச்சில் எராஸ்மோ சின்ன மகளுக்கு விண்ணப்பம் கொண்டு வந்தான். நான் அலுவலகத்தில் ஏணி போட்டு பல்பு மாற்றிக்கொண்டிருந்தேன். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான்.

"போன தடவை தப்பு என்னோடதுதான் மேடம். நீங்க மூணு வாட்டி கூப்பிட்டிருக்கீங்க, நான் பொணம் மாதிரி தூங்கியிருக்கேன். இந்தத் தடவை அப்படி ஆகாது. ஆலை வேலையை விட்டுட்டேன். இப்ப கார் கழுவுற இடத்துல, பகல் வேலை. சம்பளம் கம்மிதான், ஆனா போன் பாக்கெட்டுலயே இருக்கும். எப்ப வேணா கூப்பிடுங்க."

மார்லிஸ் விண்ணப்பத்தை வாங்கினாள். தலையை நிமிர்த்தாமல், "கூப்பிடுறேன்," என்றாள். அவன் நன்றி சொல்லிவிட்டுப் போனான்.

குலுக்கலில் சின்னவளுக்குக் காத்திருப்புப் பட்டியலில் நாற்பத்தோராவது இடம். எங்கள் பள்ளியில் பத்தாவது பெயரைத் தாண்டி யாரையும் கூப்பிட்டதில்லை. மார்லிஸ் அவனிடம் அந்த ஆகஸ்டைப் பற்றியும் இன்னும் சொல்லவில்லை, இதையும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. வேலைக்குப் போகும் வழியில் தினமும் அவனைப் பார்க்கிறேன். ஒரு காருக்கும் அடுத்த காருக்கும் நடுவே ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, போனை எடுத்துப் பார்த்துக்கொள்கிறான்.