வெள்ளரிப்பிஞ்சுக்காரியின் பல்

எழுபதுகளில் ஸ்ரீபெரும்புதூர் கடைத்தெருவில் எங்கள் வீட்டுக்காரர் போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்தார். படம் பிடிப்பது அவர், டச்சிங் நான். டச்சிங் என்றால், நெகட்டிவை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்து வைத்துக்கொண்டு, ஊசி மாதிரி சீவிய பென்சிலால் முகத்தில் இருக்கிற அம்மைத் தழும்பு, சுருக்கம் எல்லாவற்றையும் மறைக்கிற வேலை. நெகட்டிவில் எல்லாமே எதிர்மாறு. முடி வெள்ளையாக இருக்கும், பல் கறுப்பாக இருக்கும். வருஷக்கணக்காக அதையே பார்த்துப் பார்த்து, ஊரில் யாருடைய நெகட்டிவைக் காட்டினாலும் நொடியில் ஆளைச் சொல்லிவிடுவேன். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு.

ஸ்டுடியோவுக்கு வருகிறவர்கள் முக்காலியில் உட்கார்ந்ததும் மூச்சை அடக்கிக்கொண்டு விறைத்துவிடுவார்கள். அது அவருக்குச் சலித்துப் போயிற்று. எங்கிருந்தோ ஒரு பழைய பெட்டிக் கேமரா வாங்கி வந்தார். கழுத்தில் மாட்டி, வயிற்றுக்கு நேரே வைத்து, குனிந்து மேலிருந்து பார்த்துப் பிடிக்க வேண்டும். இந்த ஆள் படம் பிடிக்கிறார் என்று எதிரே நிற்கிறவனுக்குத் தெரியாது. பஸ் ஸ்டாண்டில் இவர் குனிந்து நின்றால், சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து பார்க்கிறார் என்றுதான் நினைப்பார்கள்.

அப்படி வந்த படங்கள் ஆரம்பத்தில் எனக்கும் பிடித்திருந்தன. டிக்கெட்டைப் பல்லில் கடித்துக்கொண்டு சில்லறை எண்ணும் கண்டக்டர், செம்பரம்பாக்கத்து மீன் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டே சண்டை போடுகிற அம்மா, நாற்காலியில் உட்கார்ந்து தூங்கிப்போன முடிவெட்டுகிறவர். யாரும் விறைப்பாக இல்லை. மனிதர்கள் இவ்வளவு அழகா என்று இருந்தது. அதை அவரிடம் வாய்விட்டும் சொன்னேன்.

பிறகு அவள் வந்தாள். பென்னலூரிலிருந்து வருகிறவள், பஸ் ஜன்னல்களில் வெள்ளரிப்பிஞ்சு விற்கிறவள். பஸ் வந்து நின்றதும் ஓடுவாள். இரண்டு கையையும் தூக்கிக் கட்டு கட்டாக ஜன்னலுக்குள் நீட்டுவாள். முகம் அண்ணாந்து இருக்கும், வாய் நிறையச் சிரிப்பு. முதல் ரோலில் ஒரு படம். அடுத்ததில் மூன்று. அதற்கடுத்ததில், ரோலில் இருந்த பன்னிரண்டு படத்தில் ஆறு. அவளுக்கு டச்சிங்கே தேவைப்படவில்லை, அதுதான் இன்னும் எரிச்சல். ஒரு புள்ளி கிடையாது, ஒரு தழும்பு கிடையாது. பென்சிலை வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன்.

எனக்கு வயிறு எரிந்தது. மறைப்பானேன்? என்னை அவர் ஒரு தடவைகூடப் படம் பிடித்ததில்லை. கல்யாணப் போட்டோ காஞ்சிபுரத்தில் வேறு ஒருத்தர் எடுத்தது. அதில் நான் தலையைக் குனிந்துகொண்டு வகிட்டை மட்டும் காட்டுகிறேன். ஊரில் போகிற வருகிறவளையெல்லாம் பிடிக்கிற மனுஷனுக்கு, வீட்டில் இருக்கிறவள் கண்ணில் படவில்லையா? அன்றிலிருந்து கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு அவரைக் கவனிக்க ஆரம்பித்தேன். அவர் பஸ் ஸ்டாண்டுக்குப் போனால் எனக்கும் அந்தப் பக்கம் ஏதாவது வேலை வந்துவிடும்.

ஒருநாள் பொறுக்க முடியவில்லை. அவளுடைய நெகட்டிவ் ஒன்றில் பிளேடு முனையால் முன்பல்லைச் சுரண்டி எடுத்துவிட்டேன். நெகட்டிவில் கறுப்பைச் சுரண்டினால் பிரிண்டில் அந்த இடம் இருட்டாக விழும். படத்தில் அவள் அழகாக ஒரு ஓட்டையோடு சிரித்தாள்.

"பல்லு இன்னாச்சி?" என்று கேட்டார்.

"ஃபிலிமுல தூசி இருந்திருக்கும்" என்றேன்.

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அந்தப் படத்தைப் பெரிதாகப் போட்டு, கடை முகப்புக் கண்ணாடிக்குள் மாட்டிவிட்டார். பல் இல்லாமலும் அவள் அவருக்குப் பிடிக்கிறாள் என்று எனக்கு ஆத்திரம் இன்னும் ஏறிப்போயிற்று.

இரண்டாம் நாள் கூடையும் கையுமாக அவளே கடைக்கு வந்துவிட்டாள். அவர் போட்டோ பேப்பரும் படம் கழுவுகிற மருந்தும் வாங்க மெட்ராஸ் போயிருந்தார். நான் தனியாக இருந்தேன்.

"இன்னாக்கா, என் போட்டோவுல பல்லு இல்லியாமே? டீக்கடையில சொல்லிச் சொல்லி சிரிக்கிறாங்கோ. பாரு, எல்லாம் கீது" என்று வாயைத் திறந்து காட்டினாள். முப்பத்திரண்டும் இருந்தது.

நான் நேராகவே கேட்டேன். "எங்க வூட்டுக்காரரு உன்ன படம் புடிக்கிறது உனக்குத் தெரியுமா?"

"யாருக்குத் தெரியும்? பஸ்ஸு நிக்கிறது ரெண்டு நிமிஷம். நான் ஜன்னலப் பாப்பனா, உங்க வூட்டுக்காரரப் பாப்பனா? அவரு குண்டா ஒல்லியான்னுகூட எனக்குத் தெரியாது. அத்த வுடு, பல்லு வெச்ச போட்டோ ஒண்ணு குடு. எங்க மாமியாகிட்ட காட்டணும்."

அவள் பொய் சொல்லவில்லை. சொல்லவேண்டிய அவசியமும் அவளுக்கு இல்லை. நாளைக்குத் தருகிறேன் என்று அனுப்பிவிட்டு, சுரண்டின இடத்தில் பென்சிலால் பல்லைத் திருப்பி வைத்தேன். பாதி ஆறுதலாக இருந்தது. சரி, இவள் பார்க்கவில்லை. அவரைப் பார்க்கிறவள் ஒருத்தி எங்காவது இருப்பாளே என்று மீதி மனசு கேட்டது.

அந்த மனசுதான் அவருடைய மேஜை இழுப்பறையைத் திறக்கச் சொன்னது. அடியில் ஒரு பழுப்புக் கவர். மேலே அவர் கையெழுத்தில் 'சரியா வரலை' என்று எழுதியிருந்தது. சரியாக வராததை இவர் தூக்கிப் போட்டுவிடுவார், கவரில் போட்டு ஒளித்து வைக்கிற ஆள் இல்லை. உள்ளே துண்டு துண்டாக வெட்டின நெகட்டிவ்கள். முதலில் கைக்கு வந்ததை வெளிச்சத்தில் பிடித்தேன். கடைத்தெரு. ரேஷன் பையோடு ஒருத்தி நடந்து வருகிறாள். கட்டம் போட்ட புடவை. வெள்ளைத் தலை, கறுத்த முகம். முகத்தை நேராகத் தூக்கி அவரையே பார்த்துக்கொண்டு வருகிறாள். சாதாரணப் பார்வை இல்லை, உரிமை கொண்டாடுகிற பார்வை.

இவள்தான், என்றேன். சத்தமாகவே சொன்னேன் என்று நினைக்கிறேன். எந்தத் தெரு, யார் வீடு என்று எவ்வளவு யோசித்தும் ஆள் பிடிபடவில்லை. ஊரையே நெகட்டிவில் அடையாளம் சொல்கிற எனக்கு இவளைத் தெரியவில்லை. கடைக் கதவைச் சாத்தினேன். இருட்டறைக்குள் போய்ச் சிவப்பு பல்பைப் போட்டு, அந்த நெகட்டிவைப் பேப்பர்மேல் வைத்து வெளிச்சம் காட்டி, மருந்துத் தட்டில் போட்டேன்.

முதலில் தலைமுடி வந்தது. பிறகு ரேஷன் பை. அதன் காது அறுந்து நான் முடிச்சுப் போட்ட பை. அதற்குப் பிறகுதான் முகம் வந்தது.

நான்தான். ஊரார் நெகட்டிவையெல்லாம் பார்த்த நான் என்னுடையதை அதுவரை பார்த்ததே கிடையாது.

கவரில் இருந்த எல்லாவற்றையும் பிரிண்ட் போட்டேன். குழாயடியில் நான், மாவு அரைக்கிற மிஷின் வாசலில் நான், டச்சிங் பலகையிலிருந்து தலையைத் தூக்குகிற நான், பஸ் ஸ்டாண்டில் பூ வாங்குகிற சாக்கில் நான். எத்தனை வருஷத்துப் படங்களோ, ஒன்றில் என் கையில் எங்கள் பெரியவள் குழந்தையாக இருக்கிறாள். ஒவ்வொன்றிலும் நான் கேமராவை முறைத்துக்கொண்டிருந்தேன். அப்படி ஒரு சிடுமூஞ்சியைக் கட்டிக்கொண்டு குடித்தனம் நடத்துகிறார் என்று அவர்மேல் பரிதாபமே வந்தது.

சாயங்காலம் அவர் வந்தபோது படங்கள் கயிற்றில் காய்ந்துகொண்டிருந்தன. கோபிப்பார் என்று பார்த்தேன். திருடி மாட்டிக்கொண்டவர்போல நின்றார்.

"நீ பாக்காத நேரமா ஒண்ணே ஒண்ணு எடுத்துடலாம்னு பாக்குறேன். வருஷமாச்சி. எந்த மூலையில நின்னு எடுத்தாலும் அதுக்கு முன்ன நீ திரும்பிடுற."

"இப்ப நான் இன்னா பண்ணணும்?" என்று கேட்டேன்.

"ஒரு நிமிஷம் என்ன மறந்துட்டு இரு. அது போதும்."

மறுநாள் உண்மையாகவே முயன்றேன். அரிசி பொறுக்கிக்கொண்டு, முறத்தை மட்டுமே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். அவர் கொல்லைக் கதவோரம் வந்து நிற்பது முதுகுக்குத் தெரிந்தது. வெளியே பெங்களூர் லாரி ஒன்று கடந்து போயிற்று. பஸ் வருகிற நேரம். இன்னும் இங்கேதான் நிற்கிறாரா, இல்லை பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போய்விட்டாரா என்று ஒரு சந்தேகம் வந்தது.

திரும்பிப் பார்த்துவிட்டேன்.