உலகம்மாள் டீச்சரின் முயல் பெட்டி

காலைப் பிரார்த்தனை முடிந்து பிள்ளைகள் வகுப்புக்குத் திரும்பிக்கொண்டிருந்தபோது, குற்றாலத்திலிருந்து குதிரை வண்டிக்காரர் ஒருவர் வந்து எங்கள் தென்காசிப் பள்ளி வாசலில் நின்றார். தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்திருந்தார்.

"டீச்சரம்மா, பெரிய டீச்சர் காலையில வெள்ளெனத் தவறிட்டாக. பள்ளிக்கூடத்துல சொல்லச் சொன்னாக" என்றார்.

பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிவிட்டு அதே வண்டியில் ஏறினேன். மேலகரம் தாண்டும்வரை எனக்கு அழுகை வரவில்லை. தாண்டிய பிறகும் வரவில்லை.

தென்காசியில் நடந்த இரங்கல் கூட்டத்தில் பேசியவர்கள் எல்லோரும் உலகம்மாள் டீச்சரை அன்னை என்றார்கள், விளக்கு என்றார்கள். அவருக்குக் கீழே அதிக காலம் வேலை பார்த்தவள் நான் என்பதாலும், அவருக்குப் பின் அதே பள்ளியின் தலைமையாசிரியை ஆனவள் என்பதாலும், நினைவு மலருக்கு என்னை எழுதச் சொல்லியிருக்கிறார்கள். எழுதுகிறேன். அவரை எனக்குப் பிடிக்காது. அவர் இறந்துவிட்டார் என்பதற்காக அது மாறிவிடவில்லை. அவரை நேசித்தவர்கள் இந்தப் பக்கத்தைப் புரட்டிவிட்டுப் போகலாம்.

முதலில் அவருக்குச் சேரவேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். வடகரையில் ஒரு பண்ணையார், மகளுக்குப் பெரிய மனுஷியாகும் வயசு வந்துவிட்டது என்று அவளைப் பள்ளியைவிட்டு நிறுத்திவிட்டார். டீச்சர் என்னையும் அழைத்துக்கொண்டு அந்த வீட்டு வாசலுக்குப் போனார். பண்ணையார் உட்காரச் சொல்லவில்லை. டீச்சர் முற்றத்து வெயிலிலேயே நின்றார். "பிள்ளை வெளியில வாரவரை நான் இங்கனதான் நிப்பேன். நீங்க சாப்பிட்டுத் தூங்கி எந்திரிச்சு வாங்க, அண்ணாச்சி" என்றார். மதியம் கழிந்து அந்தப் பெண் புத்தகப் பையோடு வெளியே வந்தாள். இது உண்மை. பக்கத்தில் நின்று பார்த்தேன். இந்த மாதிரி அவர் மீட்டுக் கொண்டுவந்த பெண்கள் இன்று டீச்சர்களாகவும் நர்ஸ்களாகவும் இருக்கிறார்கள். ஊர் அவரைக் கொண்டாடுவதில் பிழையில்லை.

நான் சொல்ல வந்தது முயல்களைப் பற்றி.

யுத்தம் தொடங்குவதற்கு முந்தின சீசனில், குற்றாலத்து பங்களாவில் தங்கியிருந்த ஒரு துரைசானி ஊருக்குத் திரும்பும்போது தன் வளர்ப்பு முயல் ஜோடியை எங்கள் பள்ளிக்குக் கொடுத்துவிட்டுப் போனாள். வெள்ளை முயல்கள், கண் சிவப்பு. பிள்ளைகளுக்குத் தலைகால் புரியவில்லை. இயற்கைப் பாடத்துக்கு உதவும் என்று டீச்சர் ஒத்துக்கொண்டார். பார்த்துக்கொள்ளும் வேலை என்னிடமும் ஆயா இசக்கியம்மாளிடமும் வந்தது. இசக்கியம்மாள் புருஷனை இழந்தவள். சின்னப் பிள்ளைகளுக்கு முகம் கழுவிவிடுவது, தலை வாரிவிடுவது, அழுகிறவளை இடுப்பில் வைத்துக்கொண்டே மணி அடிப்பது எல்லாம் அவள்தான்.

தோண்டாமல் முயலால் இருக்க முடியாது என்று எங்களில் ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை. அவை மூன்றாம் வகுப்பின் மண் தரையைக் குடைந்ததில், ஒருநாள் பெஞ்சு ஒன்று பிள்ளைகளோடு சாய்ந்தது. கட்டிப்போட முடியாது, அடைத்தே வைத்தால் கூண்டுக் கம்பியைப் பல்லால் கடித்து வாய் புண்ணாகிவிடுகிறது. தோண்டுவதற்கென்றே ஒரு பெட்டி வைத்துவிட்டால் என்ன என்று எனக்குத் தோன்றியது. செங்கோட்டைக் கடையில் காலித் தேயிலைப் பெட்டி ஒன்று கிடைத்தது. உள்ளே ஒட்டியிருந்த ஈயத்தாளைச் சுரண்டி எடுத்தோம். முயல் கடித்து விழுங்கிவிடும். நீட்டிக்கொண்டிருந்த ஆணிகளை இசக்கியம்மாள் அம்மிக் குழவியால் தட்டி மடக்கினாள்.

பெட்டிக்குள் எதைப் போடுவது என்பதுதான் பெரும்பாடாய்ப் போயிற்று. செங்கோட்டை மர டிப்போவிலிருந்து மரத்தூள் வாங்கி வந்தேன். அதன் நெடியில் முயலுக்கு முன்னால் நாங்கள் தும்மினோம். கொட்டிவிட்டோம். உமி போட்டோம், சுணை கண்ணில் குத்தியது. தேங்காய் நாரைத் தோண்டாமல் தின்னத் தொடங்கின, பிடுங்கி எடுத்தோம். தோட்டத்து மண்ணில் உரம் கலந்திருந்தது. கடைசியில் சிற்றாற்றுப் பருமணலை அலசிக் காயவைத்து, உரம் போடாத மரத்தடிச் செம்மண்ணைச் சலித்து அதோடு கலந்து, மேலே வைக்கோலைப் பரப்பினோம். சாரல் நனைக்காமல் பெட்டியைத் தாழ்வாரத்துக்குள் இழுத்து வைத்தோம். முயல்கள் உள்ளே குதித்தன. முன்னங்காலால் வாரி வாரிப் பின்னால் இறைத்தன. பிள்ளைகள் சத்தம் போட்டுச் சிரித்தார்கள். அன்றிலிருந்து வகுப்பறைத் தரை தப்பியது. குட்டிகளும் பிறந்தன.

பிறகு இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மாள் வரப்போகும் சேதி வந்தது. டீச்சர் பள்ளியைச் சுற்றிப் பார்த்துக்கொண்டே வந்து தாழ்வாரத்தில் நின்றார். செம்மண் ஒட்டிய முயல்களைப் பார்த்து முகம் சுளித்தார்.

"என்னட்டி இது? வெள்ளை முயல் காவிக் கலர்ல நிக்கி. அந்த மண்ணையெல்லாம் அள்ளிக் கொட்டு. கோலம் போடுத வெள்ளைக் கல்மாவு வாங்கி நிரப்பு. பாக்கப் பளிச்சினு இருக்கும்."

"மாவு பறக்கும் டீச்சர். மரத்தூளுக்கே தும்முச்சு. மூக்குலயும் கண்ணுலயும் போயிருமே."

"பிச்சம்மா, நான் உங்கிட்ட யோசனை கேக்கல."

அப்படிப் பேசினால் அவரோடு வாதாட முடியாது என்பது அவரிடம் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். அவரே ஆள் வைத்து மண்ணை அள்ளச் செய்தார். பெட்டி நிறைய வெள்ளை மாவு வந்தது. முயல்கள் அதிலும் தோண்டின, தோண்டத் தோண்டப் புகை மாதிரி எழும்பியது. மறுநாள் தும்மல். அதற்கடுத்து கண்ணில் நீர் வடிந்து இமைகள் ஒட்டிக்கொண்டன. நானும் இசக்கியம்மாளும் வெந்நீரில் துணி நனைத்துத் துடைத்துவிட்டோம். மாவை எடுத்துவிடலாம் என்று மறுபடி போய்க் கேட்டேன். "இன்ஸ்பெக்ஷன் முடியட்டும்" என்றார்.

இன்ஸ்பெக்ட்ரஸ் வந்த அன்று காலையில் ஒரு குட்டி செத்துக் கிடந்தது. அதை எடுத்துப் புதைத்துவிட்டு வருவதற்குள் அவர் தாழ்வாரத்துக்கு வந்துவிட்டார். தாய் முயலைத் தூக்கி முகத்தைப் பார்த்தார்.

"கண் ஏன் இப்படி ஒட்டியிருக்கிறது? என்ன கொடுக்கிறீர்கள் இவற்றுக்கு?"

உலகம்மாள் டீச்சர் ஒரு கணம்கூடத் தயங்கவில்லை. வாசலில் ஒரு பிள்ளையின் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்த இசக்கியம்மாளைக் கைகாட்டினார்.

"இந்த ஆயா ஈரக்கீரையைப் போட்டுவிட்டாள் அம்மா. எவ்வளவு சொல்லியும் கேட்பதில்லை. ஒரு குட்டி செத்தும் போய்விட்டது."

"அய்யோ, நான் போடலியே டீச்சர்! வெயில்ல வாட்டித்தானே போடுதேன்" என்றாள் இசக்கியம்மாள்.

நான் முன்னே போனேன். "கீரை கெட்டதுன்னா வயிறு போகும் அம்மா, கண் ஒட்டாது. இந்த மாவுதான்..." என்று தொடங்கினேன். "பிச்சம்மா, உன் வகுப்புல சத்தம் கேக்குது, போ" என்றார் டீச்சர். இன்ஸ்பெக்ட்ரஸ் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அடுத்த வகுப்புக்குப் போய்விட்டார்கள்.

சாயங்காலமே இசக்கியம்மாளை வேலையைவிட்டு நிறுத்தினார். பள்ளிக் கமிட்டியில் இருந்த ஒரு பெரியவரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். "முயலுக்கெல்லாமா பஞ்சாயத்து, டீச்சர்?" என்று சிரித்தார். இசக்கியம்மாளுக்கு அது முயல் விஷயமாக இல்லை. பிள்ளை பார்க்கும் வேலை கேட்டு அவள் தென்காசியில் ஏறி இறங்காத வீடில்லை. "வாயில்லாச் சீவனைக் கொன்னவகிட்ட நம்ம பிள்ளையக் குடுக்கவா?" என்று அவள் காதுபடவே ஒரு வீட்டில் பேசினார்கள். அதற்குப் பிறகு அவள் இந்த ஊரில் வேலை கேட்கவில்லை. செங்கோட்டைக்குப் போய், ஸ்டேஷன் பக்கத்தில் ஆப்பம் சுட்டு விற்றுப் பிழைத்தாள்.

அவள் போன மறுநாள் நான் பெட்டியைக் கவிழ்த்து மாவைக் கொட்டிவிட்டு, பழையபடி மணலும் மண்ணும் போட்டேன். டீச்சர் பார்த்துக்கொண்டே நடந்துபோனார், தடுக்கவில்லை. சில நாளில் கண்கள் தெளிந்தன, தும்மல் நின்றது. பிறகு அவர் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கேட்டேன்.

"உங்களுக்குத் தெரியும்லா டீச்சர், மாவுதான்னு?"

"தெரியும்."

அப்படியே சொன்னார். குரல்கூட மாறவில்லை. "பொம்பளை நடத்துத பள்ளிக்கூடம்ட்டி இது. நான் ஒரு தப்பு பண்ணமாட்டேனான்னு ஊர் காத்துக்கிட்டிருக்கு. முயலையே வளக்கத் தெரியல, நம்ம பிள்ளைகளை என்னத்த வளப்பான்னு கேப்பான். நாளைக்குப் பாதிப் பிள்ளை வராது. மன்னிப்புக் கேட்டா நாற்காலி போயிரும், பிச்சம்மா."

"இசக்கியம்மா?"

"அவளுக்கு வேற வேலை கிடைக்கும்."

அவர் சொன்ன காரணத்தில் உண்மை இருக்கிறது. நான் அந்த நாற்காலியில் உட்கார்ந்த பிறகு அது எனக்கு இன்னும் நன்றாகத் தெரியும். நான் ஒரு நாள் தாமதமாக வந்தால் அதைப் பேசுவதற்குத் தெருவில் ஆள் இருக்கிறது. ஆனாலும் அந்தக் காரணத்துக்கு விலையாக இன்னொருத்தியின் பெயரைக் கொடுக்க அவருக்கு என்ன பாத்தியதை இருந்தது? வடகரை முற்றத்தில் ஒரு பண்ணையாருக்கு எதிரே வெயிலில் நின்றவருக்கு, கடிகாரம் பார்த்துக்கொண்டிருந்த ஓர் அதிகாரிக்கு எதிரே நிற்க முடியவில்லை.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். மறு வருஷம் வேறு பள்ளிகளிலிருந்து டீச்சர்கள் எங்கள் முயல் பெட்டியைப் பார்க்க வந்தார்கள். உலகம்மாள் டீச்சரே பக்கத்தில் நின்று விளக்கினார். மரத்தூள் ஏன் ஆகாது, உமி ஏன் ஆகாது, நார் ஏன் ஆகாது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். கடைசியில், "முக்கியமா, மாவு மாதிரிப் பொடி எதுவும் போட்டுறாதீங்க. மூச்சுக்கும் கண்ணுக்கும் கெடுதல். பாக்க அழகா இருக்குன்னு ஏமாந்துறக் கூடாது" என்றார். நான் மூன்றடி தள்ளி நின்றேன். என் முகத்தைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னார். அவர் மேல் எனக்கு மிச்சமிருந்த மரியாதை அன்று போயிற்று.

அவர் ஓய்வு பெற்றுக் குற்றாலத்தில் குடியேறினார். நான் தலைமையாசிரியை ஆனேன். முதல் வேலையாகச் செங்கோட்டைக்குப் போய் இசக்கியம்மாளைத் திரும்ப வரச் சொன்னேன். அவள் ஆப்பச் சட்டியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"நீங்க கூப்பிட்டா எப்படி டீச்சர் வர முடியும்? என் பேரை அழிச்சவக வந்து சொல்லட்டும். நாலு பேர் முன்னால, இசக்கி செய்யலன்னு ஒரு வார்த்தை. வேற ஒண்ணும் வேண்டாம். அன்னைக்கே வாரேன்."

அந்தச் சொல்லைச் சுமந்துகொண்டு, யுத்த காலத்தில் பெட்ரோலுக்குப் பதில் கரியில் ஓடிய பஸ்ஸில் குற்றாலம் போனேன். டீச்சர் கம்பளியைப் போர்த்திக்கொண்டு வராந்தாவில் உட்கார்ந்திருந்தார். வெளியே சாரல். வந்த காரியத்தைச் சொன்னேன்.

"வயசான காலத்துல என்னைய நாலு பேர் முன்னால கொண்டு நிறுத்தப் பாக்கியாட்டி?"

"ஒரு வார்த்தைதானே, டீச்சர்."

"காப்பி குடிச்சிட்டுப் போ" என்றார்.

நான் குடிக்கவில்லை. அதற்குப் பிறகு அவரைப் பார்க்கவும் போகவில்லை. உடம்புக்கு முடியவில்லை என்று கேள்விப்பட்டும் போகவில்லை. அதற்காக இப்போது வருந்தவும் இல்லை.

சாவு வீட்டில் கூட்டம் நிறைய. அவர் படிக்கவைத்த பெண்கள் தலையிலடித்துக்கொண்டு அழுதார்கள். மதியத்துக்கு மேல் இசக்கியம்மாள் வந்தாள். நரைத்து, மெலிந்து, கையில் ஒரு சின்ன மூட்டையோடு இருந்தாள். யாருக்கும் அவளை அடையாளம் தெரியவில்லை. நேரே உள்ளே போய் உலகம்மாள் டீச்சரின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அழவில்லை, கும்பிடவில்லை. வெளியே வந்து என் பக்கத்தில் நின்றாள்.

"கடைசியில ஏதாச்சும் சொன்னாகளா, டீச்சர்? என்னையப் பத்தி?"

டீச்சரைக் கடைசிவரை பார்த்துக்கொண்ட தங்கை மகளிடம் காலையிலேயே நான் அதைக் கேட்டிருந்தேன், ஒன்றும் சொல்லவில்லை என்றிருந்தாள். இப்போது பக்கத்தில் நின்ற அவள், ஆமாம் என்று சொல்லிவிடும்படி எனக்குக் கண்ணைக் காட்டினாள். பொய் சொல்லியிருக்கலாம். செத்தவருக்கு ஒரு நல்ல பெயரையும், உயிரோடு இருப்பவளுக்கு ஓர் ஆறுதலையும் ஒரே வார்த்தையில் கொடுத்திருக்கலாம்.

"இல்ல இசக்கி. ஒண்ணும் சொல்லல" என்றேன்.

"அப்படியா" என்றாள். மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு பஸ் நிற்கும் இடத்துக்கு நடந்துபோனாள்.

நினைவு மலரில் எழுதுகிறவர்கள், இறந்தவரிடமிருந்து தாங்கள் பெற்று வைத்திருப்பதைச் சொல்லி முடிப்பது வழக்கம். என்னிடமும் ஒன்று இருக்கிறது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் வாய்க்குள் பேசுவேன். உலகம்மாள் டீச்சர் வகுப்புக்குப் பின்னால் வந்து நின்று அதட்டுவார்: "உண்மையைத்தானே சொல்லுத? பிறகென்ன முனங்கல்? கடைசி பெஞ்சுக்குக் கேக்கும்படி சொல்லு." அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்த அதட்டலை மட்டும்தான். அவரே சொல்லிக்கொடுத்தபடி, தென்காசியிலும் குற்றாலத்திலும் செங்கோட்டையிலும் இதைப் படிக்கிற எல்லோருக்கும் கேட்கும்படி சொல்கிறேன்.

அந்த முயல்கள் இசக்கியம்மாள் போட்ட கீரையால் நோய்ப்படவில்லை. உலகம்மாள் டீச்சர் போடச் சொன்ன வெள்ளை மாவினால் நோய்ப்பட்டன. இசக்கியம்மாள் ஒரு தவறும் செய்யவில்லை.