டிஸ்க் போட இடமில்லாத பெட்டி

எங்கள் வீட்டு டிவி மேசையில் கார் பந்தய விளையாட்டு டிஸ்க் ஒன்று இருக்கிறது. மேலே சுற்றிய கண்ணாடித்தாள்கூடப் பிரிக்கப்படவில்லை. தூசு தட்டும்போதெல்லாம் எடுத்துத் துடைத்து அங்கேயே வைப்பேன். கொடுத்தவர் என் பழைய முதலாளி. பினாங்கு ஜார்ஜ்டவுனில் ஒரு பேரங்காடியின் மூன்றாம் மாடியில் வீடியோ கேம் கடை வைத்திருந்தார். ஆறு வருடம் அங்கே கல்லாவில் இருந்தேன். பாஸ் என்றால் அவருக்குப் பிடிக்காது, அண்ணே என்றுதான் கூப்பிட வேண்டும்.

சேர்ந்த புதிதில் ஒரே நாளில் நான்கு கன்சோல் பெட்டி விற்றுவிட்டுப் பெருமையாக நின்றேன். அண்ணன் சிரித்தார். “பெட்டியில ஒண்ணும் தேறாதுமா. செய்யிற கம்பெனிக்காரனே முதல்ல நட்டத்துக்குத்தான் தள்ளுவான், அப்புறம் ஒவ்வொரு கேம்லயும் எடுத்துக்குவான். நமக்கும் டிஸ்க்தான் சோறு போடுது லா.” பழைய டிஸ்க்கையும் வாங்கி விற்பார். ஆனால் முதலில் கடைப் பெட்டியில் ஓட்டிப் பார்த்துவிடுவார். என் சம்பளமும், என் கல்யாணத்துக்கு அவர் போட்ட மோதிரமும் அந்த டிஸ்க்குகள் தந்தவைதான்.

பிறகு ஜனங்கள் வீட்டிலிருந்தே விளையாட்டை இணையத்தில் இறக்கிக்கொள்ள ஆரம்பித்தார்கள். காசு நேராகக் கம்பெனிக்குப் போனது, கடைக்கு ஒன்றும் வரவில்லை. டிஸ்க் போட இடமே இல்லாத மலிவுப் பெட்டியும் வந்தது. அதற்குள் நான் பாலம் தாண்டி ஜுருவில் ஒரு தொழிற்சாலை அலுவலகத்துக்கு மாறியிருந்தேன். மகனுக்குப் பெட்டி வாங்க அண்ணன் கடைக்குப் போகவில்லை. விலை இருநூறு வெள்ளி குறைகிறதே என்று அந்த மலிவுப் பெட்டியை இணையத்தில் வாங்கினேன். வெட்கமாகத்தான் இருந்தது, ஆனாலும் வாங்கினேன்.

மகன் பிறந்தநாளுக்கு அண்ணனையும் அழைத்திருந்தேன். பெட்டியை அவர் கண்ணில் படாமல் உள்ளே எடுத்து வைக்க நினைத்து, கேக் வாங்கும் அவசரத்தில் மறந்துபோனேன். அண்ணன் தந்த பரிசின் காகிதத்தைப் பிரித்த மகன், “மாமா, இதை எங்க போடுறது?” என்று கேட்டான். அண்ணன் குனிந்து பெட்டியின் முகப்பை விரலால் தடவிப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை. “பரவால்ல தம்பி, வச்சிரு. அடுத்த பெட்டி வாங்குறப்ப அம்மா இடம் இருக்கான்னு பாத்து வாங்குவாங்க லா.” பிறகு உட்கார்ந்து சாப்பிட்டார், மீகூன் நன்றாக இருக்கிறது என்று இன்னொரு தடவை கேட்டு வாங்கினார். நான் அவர் முகத்தைப் பார்க்காமலே பரிமாறினேன்.

மறு வருடம் கடையை மூடினார். அவர் இறந்தே இப்போது இரண்டு வருடம் ஆகிறது. நான் மன்னிப்புக் கேட்கவே இல்லை.

போன மாதம் இருநூறு வெள்ளி கூடக் கொடுத்து, டிஸ்க் போட இடமுள்ள பெட்டியாகப் பார்த்து வாங்கினேன். டிஸ்க் வாங்கலாம் என்று பழக்கத்தில் அதே மூன்றாம் மாடிக்குப் போய் நின்றேன். அங்கே கைப்பேசி உறை விற்கிறார்கள். புதுப் பெட்டியில் போட வீட்டில் இருப்பது அண்ணன் கொடுத்த அந்த ஒன்றுதான்.

“பிரிக்கவாம்மா?” என்று மகன் தினமும் கேட்கிறான். இருடா என்கிறேன்.