வேன் அக்கா சாவியைக் கொடுக்கவில்லை

தெருப் பிள்ளைகள் அவளை வேன் அக்கா என்றார்கள். பெரியவர்களுக்கும் அதுவே பழகிவிட்டது. அவளைவிட வயதில் மூத்த பால்காரர்கூட, "என்ன வேன் அக்கா, இன்னிக்கு ஹாரன் சத்தமே காணோம்?" என்றுதான் கேட்பார். காலையில் பிள்ளைகளைப் பள்ளியில் இறக்குவதும் மாலையில் கூட்டிவந்து வீட்டு வாசலில் விடுவதும் அவள் பிழைப்பு. இடைப்பட்ட நேரத்தில் அதே வேன் அவள் கணவனின் அண்ணனுக்கு. அவர் பெயின்டர். பின் சீட்டில் பிள்ளைகளின் பைகள் இருந்த இடத்தில் மதியம் பெயின்ட் டப்பாக்களும் மடக்கு ஏணியும் போகும்.

அந்த வேன் அவள் மாமனார் விட்டுப்போனது. வீட்டுக்குக் குறுக்கே சுவர் எழுப்பி இரண்டாக்கிக்கொண்ட அண்ணன் தம்பியால் வேனுக்குக் குறுக்கே சுவர் எழுப்ப முடியவில்லை. அதனால் நேரத்தைப் பிரித்துக்கொண்டார்கள். கொல்லை மட்டும் பொது. வேன் அங்கேதான் நிற்கும்.

கல்யாணத்துக்கு முன் அவள் ஒரு சட்டைக் கம்பெனியில் காலர் மடித்துக்கொண்டிருந்தாள். மேற்பார்வையாளர் ஒருநாள் காரணமில்லாமல் கத்தினார் என்பதற்காக, மடித்த சட்டையை அவர் மேஜையிலேயே வைத்துவிட்டு வந்தவள். வண்டி ஓட்டக் கற்றுக்கொள்ளப் போன இடத்தில், வீட்டுக்காரர் கூட வரவில்லையா என்று கேட்டார்கள். "அவருக்கு வண்டின்னாலே வாந்தி" என்றாள். அது உண்மையும்கூட. முதல் தேர்வில் வண்டியைப் பின்னால் எடுக்கத் தெரியாமல் தோற்றாள். வீட்டுக்கு வந்து, கொல்லையில் காலி வாளிகளை வரிசையாக வைத்து, அவை நசுங்காமல் போகும்வரை பின்னாலேயே ஓட்டினாள். நசுங்கிய வாளிகளில் பாதி ஓரகத்தியுடையவை. அந்தக் கோபம் ஓரகத்திக்கு இன்னும் ஆறவில்லை.

அப்படிப்பட்டவளின் வேன் ஒரு வெள்ளிக்கிழமை மாலை, பள்ளி தாண்டிய திருப்பத்தில், இரண்டு முறை இருமிவிட்டு நின்றது. எத்தனை முறை சாவியைத் திருப்பியும் எஞ்சின் சுற்றியதே தவிர பற்றவில்லை. அவள் பிள்ளைகளை இறக்கினாள். முன்னால் போகிறவரின் பைவாரைப் பின்னால் வருகிறவர் பிடித்துக்கொள்ள வேண்டும் என்றாள். ரயில் மாதிரி அவர்களை நடத்திக்கொண்டு போய், ஒவ்வொருவரையும் அவரவர் வாசலில் ஒப்படைத்த பிறகுதான் வேனைத் தேடித் திரும்பி வந்தாள். தெருவில் போனவர்கள் தள்ள, அவள் ஸ்டியரிங் பிடிக்க, வேன் கொல்லைக்கு வந்து சேர்ந்தது.

மெக்கானிக் வந்தார். அவளைச் சாவியைத் திருப்பச் சொல்லிவிட்டு, பின் சீட்டில் காதை வைத்துக் கேட்டார். சாவி திருப்பியதும் டேங்குக்குள்ளிருந்து ஒரு முனகல் வர வேண்டுமாம். வரவில்லை. டேங்கிலிருந்து பெட்ரோலை எஞ்சினுக்குத் தள்ளுகிற பம்ப் செத்துவிட்டது என்றார். அடுத்த வாரம் நடுவில் கொண்டுவந்து விட்டால் பார்க்கலாம், அதற்குமுன் மூச்சுவிட நேரமில்லை என்று சொல்லிவிட்டுப் போனார்.

பெரிய மாமா, அதாவது அவள் கணவனின் அண்ணன், இதற்காகவே காத்திருந்தவர் போல வாசற்படியில் உட்கார்ந்தார். அவருடைய வேலைக்கூட்டாளிக்கு ஒரு மகன் இருந்தான். வேலை இல்லாத, லைசென்ஸ் உள்ள மகன். திங்கட்கிழமை முதல் வேறொரு வேனை வைத்து அவனே பிள்ளைகளைக் கூட்டிப்போகட்டும், நம் வண்டி சரியான பிறகு இதையும் அவனே ஓட்டட்டும், உனக்கு வீட்டிலேயே ஆயிரம் வேலை இருக்கிறதே என்று பொறுமையாக எடுத்துச் சொன்னார். பொறுமை தீர்ந்ததும் உள்ளே இருந்தது வெளியே வந்தது.

"பொம்பளை மிதிக்கற மிதிக்கு இரும்பே செத்துப்போகும். பம்ப் எம்மாத்திரம்? சாவியை இப்படிக் குடும்மா."

அவள் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"திங்கக்கிழமை காலைல இந்த வண்டியை நான் எடுக்கறேன் மாமா. எடுக்க முடியலன்னா சாவியை நானே கொண்டுவந்து உங்க கையில வைக்கறேன். அப்புறம் கேக்கவே மாட்டேன்."

"யாரு சரி பண்ணுவா?"

"நான்தான்."

சமையலறை ஜன்னலில் ஓரகத்தியின் முகம் தெரிந்தது. "குக்கர் வாஷர் மாத்தற வேலைன்னு நெனச்சியாடி?"

"கிட்டத்தட்ட அதேதான்க்கா" என்றாள். உள்ளுக்குள் அவளுக்கே நம்பிக்கையில்லை. ஆனால் வாயிலிருந்து வந்துவிட்டது. இனி கைதான் அதன் பின்னால் ஓட வேண்டும்.

சனிக்கிழமை கடை திறக்குமுன்னே உதிரிபாகக் கடை வாசலில் நின்றாள். கடைக்காரர் புதுப் பம்பை எடுத்து வைத்து, எதை முதலில் கழற்ற வேண்டும், எதைக் கடைசியில் மாட்ட வேண்டும் என்று சொன்னார். புரியாததைத் திரும்பத் திரும்பக் கேட்டாள். பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பழைய ரப்பர் வளையத்தைத் திரும்பப் போடாதே, பெட்ரோலில் ஊறிப் பெருத்திருக்கும், பள்ளத்தில் உட்காராது என்று புது வளையம் ஒன்றும் கொடுத்தார். கடைசியாக, டேங்க் எப்போதும் காலியாகத்தான் ஓடுமா என்று கேட்டார். "தேவைக்குத்தான் போடுவோம், வீணாக்க மாட்டோம்" என்றாள் அவள் கொஞ்சம் பெருமையாகவே. அவர் சிரித்துவிட்டு அடுத்த ஆளைக் கவனிக்கப் போய்விட்டார்.

கொல்லையில் முதல் சண்டை அடுப்பால் வந்தது. ஓரகத்தியின் சமையலறை ஜன்னல் வேனுக்கு நேர் எதிரே. டேங்க் திறந்திருக்கும்போது பக்கத்தில் நெருப்பு இருக்கக் கூடாது.

"அக்கா, அடுப்பை அணைங்க."

"உன் வண்டிக்காக என் வீட்டுல உலை வைக்கக் கூடாதா?"

"வைங்க. உங்க உலை, என் பெட்ரோல். ரெண்டும் சேந்தா நாம எல்லாரும் ஒண்ணாவே கிளம்பலாம். டிக்கெட் வேண்டாம்."

அடுப்பு அணைந்தது. அதோடு மாமாவின் டீயும் நின்றது. டீ இல்லாத மனிதருக்கு வேடிக்கை பார்ப்பதைத் தவிர வேலை என்ன? ஒரு ஸ்டூலைப் போட்டு எதிரில் உட்கார்ந்துகொண்டார்.

அவள் பேட்டரி வயரைக் கழற்றினாள். பின் சீட்டை இழுத்துக் கொல்லையில் போட்டாள். சீட்டுக்கு அடியில் பென்சில்கள், ரப்பர் துண்டுகள், ஒற்றை சாக்ஸ், காய்ந்த பெயின்ட் சொட்டுகள். இரண்டு குடும்பத்துக் குப்பையும் அங்கே மட்டும் சண்டை போடாமல் கிடந்தது. எல்லாவற்றையும் பிரஷ்ஷால் கூட்டி எடுத்தாள். ஒரு துளி மண் டேங்குக்குள் விழுந்தாலும் புதுப் பம்பின் தொண்டையில் போய் நிற்கும் என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். தகர மூடியைத் திறந்ததும் பம்பின் தலை தெரிந்தது. வயரைப் பிடுங்கினாள். குழாயின் மேல் துணியைச் சுற்றிக்கொண்டு மெதுவாகக் கழற்றினாள்.

அடுத்தது பம்பை டேங்கோடு இறுக்கிப் பிடித்திருக்கும் பெரிய வளையம். துருப்பிடித்து, அசையமாட்டேன் என்றது. மாமா எழுந்து போய் ஓர் உளியும் சுத்தியலும் கொண்டுவந்து, நகரு, ஒரே அடி என்றார். அவள் உளியை வாங்கித் தரையில் வைத்தாள். இரும்போடு இரும்பு மோதினால் பொறி பறக்கும். ஒடிந்துபோன கட்டில் சட்டம் ஒன்று மூலையில் கிடந்தது. அதை வளையத்தின் பல்லில் முட்டுக்கொடுத்து, சுத்தியலால் மரத்தைத் தட்டினாள். இந்தப் பல்லில் கொஞ்சம், அந்தப் பல்லில் கொஞ்சம். உள்ளங்கை சிவந்தது. மாமா, சாயங்காலத்துக்குள் முடியுமா, நாள் பார்த்துச் சொல்லட்டுமா என்றார். அவள் தட்டிக்கொண்டே இருந்தாள். ஒரு தட்டில் வளையம் மயிரிழை நகர்ந்தது. அதற்குமேல் அது அவளை எதிர்க்கவில்லை.

பம்பைச் சாய்த்து, பெட்ரோல் அளவு காட்டும் மிதவைக் கம்பி வளையாமல், பிள்ளையைத் தொட்டிலிலிருந்து எடுப்பதுபோல எடுத்தாள். பேட்டரி டார்ச்சை அடித்து டேங்குக்குள் பார்த்தாள். அடியில் ஓர் உள்ளங்கை ஈரம். அவ்வளவுதான் பெட்ரோல்.

பழைய பம்பின் உடம்பு கருகி, வயர் செருகும் இடம் உருகியிருந்தது. கடைக்காரரின் சிரிப்பு அவளுக்கு அப்போதுதான் விளங்கியது. பம்ப் பெட்ரோலுக்குள் மூழ்கி நிற்பது குடிப்பதற்கு மட்டுமல்ல, குளிர்வதற்கும்தான். இந்தப் பம்ப் வருஷக்கணக்காக வெறும் தரையில் நின்று வெந்திருக்கிறது.

ஏன் என்று அவளுக்கும் தெரியும், ஸ்டூலில் இருந்தவருக்கும் தெரியும். தான் போட்ட பெட்ரோலில் மற்றவர் ஒரு தெருகூடப் போய்விடக் கூடாது என்பது இரண்டு வீட்டின் எழுதாத சட்டம். அவள் பள்ளிக்குப் போய்வர எவ்வளவோ அவ்வளவுதான் போடுவாள். மாமா அதற்கும் ஒருபடி மேல். தன் வேலை முடிந்து மிச்சமிருந்தால், டியூபை விட்டு உறிஞ்சி, தன் கேனில் பிடித்துப் பரணில் பூட்டிவிடுவார். முன்பலகையில் பெட்ரோல் இல்லை என்று எரியும் மஞ்சள் விளக்கு அணைந்ததே இல்லை. விளக்கு எரிந்தால்தான் வண்டி ஓடும் என்று பிள்ளைகள் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

அவள் கருகிய பம்பைக் கொண்டுபோய் மாமாவின் காலடியில் வைத்தாள்.

"இது என் மிதியில சாகல மாமா. உங்க டியூப்லயும் என் அளந்து ஊத்தற கையிலயும்தான் செத்துச்சு. பாதிப் பழி எனக்கு, எடுத்துக்கறேன். மீதியை நீங்க எடுத்துக்கங்க."

மாமா பம்பைப் பார்த்தார். பெயின்ட் அடித்து மறைக்கக்கூடிய கருப்பு இல்லை அது. எழுந்திருக்காமலே ஸ்டூலைச் சற்றுப் பின்னுக்கு நகர்த்திக்கொண்டார்.

புதுப் பம்ப் உள்ளே போயிற்று. புது ரப்பர் வளையம் பள்ளத்தில் அமர்ந்தது. மறுபடி மரத்துண்டு, மறுபடி தட்டல், குழாய், வயர், பேட்டரி. இதற்குள் அவள் கணவன் வேலை முடிந்து வந்தான். கொல்லையில் கிடந்த சீட்டைப் பார்த்தான், அதிலேயே உட்கார்ந்தான். இந்த வேனில் அவனுக்கு வாந்தி வராமல் இருந்தது அன்றைக்கு மட்டும்தான்.

"திருப்பு, பாக்கலாம்" என்றார் மாமா. ஓடக் கூடாது என்கிற ஆசை அவர் குரலில் இருந்தது.

"திருப்ப மாட்டேன். உள்ள பெட்ரோல் இல்ல. காஞ்ச தொண்டையோட ஓட்டி புதுசையும் எரிக்கவா?"

பெட்ரோல் யார் போடுவது?  பரணில் ஒரு கேன் நிறைய இருப்பது எல்லாருக்கும் தெரியும். மாமா தொண்டையைச் செருமிக்கொண்டு, கேனைத் தருகிறேன், சாவியைத் தா என்றார். வேண்டாம், நான் நடந்துபோய் வாங்கிவருகிறேன் என்றாள் அவள். வாங்கிவந்து, ஊற்றி, வண்டி கொல்லையை விட்டு வெளியே போகும்வரை அடுப்பு எரியக் கூடாது என்றும் ஜன்னல் பக்கம் பார்த்துச் சொன்னாள்.

ஜன்னலில் இருந்த முகம் மறைந்தது. உள்ளே ஏணி இழுபடும் சத்தம். கொஞ்ச நேரத்தில் ஓரகத்தி, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, இரண்டு கையாலும் கேனைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"ஏய், அது என்னோடது" என்றார் மாமா.

"உறிஞ்சினதுல பாதி அவளோடது. காலைலேர்ந்து வயிறு காயுது, நீங்க உக்காந்து சாவி சாவிங்கறீங்க." கேனை அவளிடம் நீட்டினாள். "ஊத்துடி. என் வாளிக்கணக்கு வேற, அது அப்படியேதான் இருக்கு."

ஊற்றினாள். துளிகூடக் கசியவில்லை. சாவியைத் திருப்பினாள். பின்னாலிருந்து மெல்லிய முனகல் வந்தது. நிறுத்தி, மறுபடி திருப்பினாள், குழாய் நிறையட்டும் என்று. அடுத்த திருப்பில் எஞ்சின் பற்றிக்கொண்டது. ஓரகத்தி அடுப்பை மறந்து முன் சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். இருவரும் பெட்ரோல் பங்க்குக்குப் போய் டேங்க் வழிய வழிய நிரப்பிக்கொண்டு வந்தார்கள்.

ஞாயிறு அன்று மாமா வேனை எடுக்கவில்லை. வேலை இல்லை என்றார். திங்கட்கிழமை காலை, ஏணியைத் தோளில் வைத்துக்கொண்டு வேன் முன்னால் வந்து நின்றார்.

"மதியம் எனக்கு வேணும். அப்ப சாவி?"

"தரேன். பாதி டேங்குக்குக் கீழ பெட்ரோல் முள் இறங்காம கொண்டுவந்து நிறுத்துங்க. நானும் அப்படித்தான் நிறுத்துவேன். இறங்கிச்சுன்னா மறுநாள் சாவி கிடையாது."

"எனக்கே சட்டமா?"

"ரெண்டு பேருக்கும்தான் மாமா. கொஞ்சம் வழி விடுங்க, பிள்ளைங்க நிக்கும்."

அவர் நகர்வதாக இல்லை. அவள் எஞ்சினை ஓடவிட்டபடி, ஹாரன் அடிக்காமல், கண்ணாடி வழியே அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏணி கனத்திருக்க வேண்டும். தோள் மாற்றிக்கொள்வதற்காக அவர் ஓர் அடி ஒதுங்கினார். அந்த ஓர் அடி போதுமாக இருந்தது.