உஷ் அத்தானும் ஒரு முனகலும்

என் அக்காவின் கணவருக்குத் தெருவில் 'உஷ்' என்று பெயர். கேஸ் சிலிண்டர் போட வந்தவரானாலும் சரி, வீட்டு ஓனரானாலும் சரி, உள்ளே நுழைகிறவரிடம் அவர் முதலில் சொல்வது அதுதான். 'வாங்க' எல்லாம் அப்புறம். உதட்டில் விரலை வைத்து 'உஷ்' என்பார். வந்தவர் போட்டது போட்டபடி நிற்பார். அத்தான் கூடத்து ஸ்பீக்கரில் காதை ஒட்டிவைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். கொஞ்ச நேரத்தில் முகம் தொங்கிப்போகும். "இன்னும் இருக்கு" என்பார். அதன் பிறகுதான் வந்தவருக்கு நாற்காலி.

இருந்தது ஒரு முனகல். அத்தானின் பொழுதுபோக்கு வால்வு ஆம்ப்ளிஃபயர் செய்வது. கண்ணாடிக் குமிழ்கள் உள்ளே கனன்றுகொண்டிருக்குமே, அந்தப் பழைய வகை. வீட்டுக்கு வரும் மின்சாரம் இயல்பிலேயே முனகுகிற ஜாதி. அதை அடக்கி, சத்தமில்லாத மின்சாரமாக ஆம்ப்ளிஃபயருக்கு ஊட்டுவதற்கு பவர் சப்ளை என்று ஒரு தனிப் பெட்டி உண்டு. அத்தானின் பெட்டி ஊட்டியது, ஆனால் அடக்கவில்லை. ஸ்பீக்கரில் எந்நேரமும் 'உம்ம்ம்' என்று ஒரே சுருதியில் கேட்டுக்கொண்டிருக்கும். அதை ஒழிக்க அவர் புதிது புதிதாகப் பெட்டி செய்தார். ஒவ்வொன்றும் முன்னதைவிடக் கனம். மாடியில் குடியிருக்கும் பாவத்துக்கு அத்தனையையும் தூக்கி இறக்கியவன் நான். என் இடுப்பைக் கேட்டால் அவருடைய கண்டுபிடிப்புகளின் வரலாற்றை வரிசையாகச் சொல்லும்.

பிழைப்புக்கு அவர் பல்செட் செய்தார். டாக்டர்கள் வாயின் அச்சை எடுத்து அனுப்புவார்கள், இவர் பல்லைச் செய்து அனுப்புவார். வேலையில் மகா கெட்டிக்காரர். ஆனால் இரண்டு தொழிலுக்கும் ஒரே மேஜை, ஒரே இடுக்கி, ஒரே அட்டைப்பெட்டிகள். ஒருமுறை பார்சல் மாறிப்போய், ஒரு பெரியவர் டாக்டரிடம் வாயைத் திறந்து காத்திருக்க, பெட்டிக்குள்ளிருந்து ஆம்ப்ளிஃபயருக்கான கண்டன்சர் வந்தது. அதே வேளையில் எங்கள் அலமாரியில், வால்வுகளுக்குப் பக்கத்தில், ஒரு கீழ்வரிசைப் பல்செட் எல்லாரையும் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது.

இதில் என் எரிச்சல் என்னவென்றால், அந்த ஆம்ப்ளிஃபயரில் அவர் ஒரு பாட்டுகூடக் கேட்டதில்லை. முனகல் இருக்கும்போது பாட்டைப் போடுவது பாட்டுக்குச் செய்கிற துரோகமாம். ஆக, சாயங்காலமானால் ஆம்ப்ளிஃபயரை ஓடவிட்டு, எதையும் போடாமல், எதுவும் கேட்கவில்லையா என்று கேட்டுக்கொண்டிருப்பார். புத்தி உள்ளவன் செய்கிற காரியமா இது?

அக்கா பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சர். அங்கே பாட்டுக்கென்று ஓர் அறை கிடையாது. அதனால் ஆண்டுவிழாவுக்குப் பிள்ளைகளை வீட்டுக்கு வரவழைத்து, கூடத்தில் நிறுத்திவைத்துப் பழக்குவாள். ஸ்பீக்கர் பாட்டுக்கு முனகும், பிள்ளைகள் பாட்டுக்குப் பாடும். கேட்டால் தேன். ஆனால் மேடையேறிக் கீபோர்டோடு சேர்ந்தால் மட்டும் எல்லாம் நாறிவிடும். கீபோர்டு வாசிப்பவர் ஒரு கட்டையை அழுத்திப் பார்ப்பார், அடுத்த கட்டையை அழுத்திப் பார்ப்பார், பிள்ளைகளின் சுருதி இரண்டுக்கும் நடுவே எங்கேயோ நிற்கும். போன விழாவுக்குப் பிறகு தலைமையாசிரியை அக்காவைக் கூப்பிட்டு, இந்த வருஷமும் இப்படியானால் பாட்டு வகுப்பே வேண்டாம், அந்த நேரத்தைக் கம்ப்யூட்டருக்குக் கொடுத்துவிடுகிறேன் என்று முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார். பாட்டு வகுப்பு போனால் அக்காவின் வேலையும் போகும். வேலை போவது இருக்கட்டும், அந்தப் பிள்ளைகளை விட்டு இவளால் இருக்க முடியாது. அது எனக்குத் தெரியும். கீபோர்டே வேண்டாம், வெறும் குரலிலேயே பாட வைக்கிறேன் என்று கெஞ்சி அனுமதி வாங்கி வந்தாள்.

விழாவுக்கு முந்தைய நாள், பிள்ளைகள் வரப்போகிறார்களே என்று அக்கா கூடத்தைத் துடைத்தாள். அத்தானின் புதுப் பெட்டி, பீப்பாய் கனம், ஆம்ப்ளிஃபயரை ஒட்டித் தரையில் இருந்தது. மாப்பு போக வழியில்லை. காலால் ஓர் எத்து எத்தி அதைக் குறுக்குவாட்டில் திருப்பிவிட்டு வேலையைப் பார்த்தாள்.

அத்தான் வந்து சுவிட்சைப் போட்டார். வால்வுகள் சூடேறின. காதை ஸ்பீக்கரில் வைத்தவர் எழுந்திருக்கவே இல்லை. மயக்கம் போட்டுவிட்டாரோ என்று நான் பயந்துபோனேன். நிமிர்ந்தபோது கண்ணெல்லாம் தண்ணீர்.

"போயிடுச்சு மச்சான்" என்றார்.

விஷயம் இவ்வளவுதான். ஆம்ப்ளிஃபயருக்குள்ளும் பவர் சப்ளை பெட்டிக்குள்ளும் இரும்பில் சுற்றிய டிரான்ஸ்பார்மர்கள் உண்டு. ஒன்றுக்கொன்று நேராக நின்றால் ஒன்றின் முனகல் மற்றதற்குத் தாவும், குறுக்கே நின்றால் தாவாது. கற்றுக்குட்டிகளுக்கான புத்தகத்தில் முதல் பாடமே அதுதானாம். அத்தானுக்குத் தெரியாததல்ல. ஆனால் பெட்டியின் முகப்பில் அழகான மீட்டர் ஒன்றைப் பதித்திருந்தார். திருப்பி வைத்தால் மீட்டர் சுவரைப் பார்க்கும். வருகிறவர்கள் மீட்டரைப் பார்க்க வேண்டாமா? அதற்காக எல்லாப் பெட்டியையும் நேராகவே வைத்து, இல்லாத குறைகளையெல்லாம் உள்ளே தேடியிருக்கிறார். நான் தலையில் அடித்துக்கொண்டேன். இடுப்பு வேறு சுருக்கென்றது.

பிள்ளைகள் வந்தார்கள். அக்கா கையை உயர்த்தினாள். பாட்டு ஆரம்பித்தது, ஆளுக்கொரு சுருதியில். அக்கா நிறுத்தினாள், மறுபடி எடுத்துக்கொடுத்தாள். இன்னும் மோசம். ஒவ்வொரு முறையும் தொடங்குவதற்கு முன் பிள்ளைகள் எல்லாரும் தலையை லேசாக ஸ்பீக்கர் பக்கம் சாய்த்து, எதையோ காணாதவர்கள் போல விழித்தார்கள். அக்காவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

அதைக் கவனித்தவர் அத்தான்தான். அவர் முகம் வெளிறிப்போனதை நான் பார்த்தேன். மெல்ல எழுந்துபோய்ப் பெட்டியைக் கட்டிப்பிடித்துப் பழையபடி நேராகத் திருப்பினார். உம்ம்ம் என்று முனகல் எழுந்தது. யாரும் சொல்லாமலே பிள்ளைகள் ஒரே குரலாக அதைப் பிடித்துக்கொண்டு பாடினார்கள். தேன்.

கீபோர்டின் இரண்டு கட்டைக்கு நடுவே இருந்த மர்மம் எங்கள் கூடத்தில்தான் இருந்தது. ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மொத்தத்துக்கும் மின்சார வாரியத்தின் சுருதியைப் பழக்கியிருக்கிறோம்.

அக்கா சுவரோரமாக உட்கார்ந்துவிட்டாள். கோபப்படுவாள் என்று பார்த்தேன். அவளால் முடியவில்லை.

"ஒரே நாள்ல நான் எப்படிங்க இதுங்களுக்கு வேற சுருதி சொல்லித் தர்றது?" என்றாள்.

"இதே இருக்கட்டும். நான் மேடைக்குக் கொண்டு வர்றேன்" என்றார் அத்தான்.

வாழ்நாளெல்லாம் துரத்திய எதிரி. அது ஒழிந்த அதே நாளில் அதைத் திரும்ப அழைத்து, அலங்கரித்து, ஊர் முன்னால் நிறுத்தப்போகிறார். எனக்கு அவர்மேல் முதல்முறையாகப் பாசம் வந்தது. தூக்கப்போவது நான் என்று நினைவுக்கு வந்ததும் அது கொஞ்சம் குறைந்தது.

மறுநாள் பள்ளி அரங்கில் திரைக்குப் பின்னால் எல்லாவற்றையும் அடுக்கினோம். மீட்டர் சுவரைப் பார்த்ததா, ஆளைப் பார்த்ததா என்று அன்றைக்கு அத்தான் கவலைப்படவே இல்லை. பெட்டியை இம்மி இம்மியாகத் திருப்பி, காதை வைத்துக் கேட்டு, வேண்டிய அளவுக்கு முனகலை வரவழைத்தார். பிள்ளைகள் தலையைச் சாய்த்தார்கள், சிரித்தார்கள், பாடத் தொடங்கினார்கள். முன்வரிசையில் தலைமையாசிரியை நிமிர்ந்து உட்கார்ந்தார்.

எல்லாம் நன்றாகத்தான் போனது. ஆனால் அரங்கத்து மைக்செட்காரர் கடமை தவறாதவர். தன் மைக்குகளில் ஏதோ இரைச்சல் வருகிறது என்று பதறி, ஒயரைப் பிடித்துக்கொண்டே திரைக்குப் பின்னால் வந்தவர், நாங்கள் வாயைத் திறப்பதற்குள் எங்கள் பிளக்கைப் பிடுங்கிவிட்டார். "சரி பண்ணிட்டேன் சார்" என்றார், பெருமையாக.

முனகல் நின்றது. மேடையில் ஒரு குரல் சறுக்கியது, பக்கத்தில் இன்னொன்று. அக்கா உயர்த்திய கையை இறக்காமலே எங்கள் பக்கம் திரும்பிப் பார்ப்பது எனக்குத் திரையிடுக்கில் தெரிந்தது. மறுபடி பிளக்கைச் செருகினாலும் பயனில்லை. வால்வு சூடாகி முனகல் வருவதற்குள் பாட்டு செத்திருக்கும்.

அப்போது என் பக்கத்தில் 'உம்ம்ம்' என்று கேட்டது. அத்தான். கண்ணை மூடி, ஸ்பீக்கரில் கையை ஊன்றி, மூக்கு அதிர முனகிக்கொண்டிருந்தார். அதே சுருதி, மயிரிழை பிசகவில்லை. பிசகுமா? உலகத்தில் வேறு எவனும் அந்த ஒரு சத்தத்தை அத்தனை காலம் உட்கார்ந்து கேட்டதில்லையே. மூச்சு வாங்கும்போது மட்டும் நின்றது. அந்த இடைவெளியை நான் நிரப்பப் பார்த்தேன். என்னை உதைத்தார். முகம் பீட்ரூட் மாதிரி சிவந்து, கழுத்து நரம்பு புடைக்க, பாட்டு முடிகிற வரை அவர் விடவில்லை. பிள்ளைகள் அதைப் பிடித்துக்கொண்டு கரையேறிவிட்டார்கள். மைக்செட்காரர் மட்டும், பிடுங்கிய பிளக்கைக் கையில் வைத்துக்கொண்டு, முனகல் எங்கிருந்து வருகிறது என்று பிளக்கையும் அத்தானையும் மாறி மாறிப் பார்த்தார்.

கைதட்டல் ஓய்ந்த பிறகு தலைமையாசிரியை வந்து, பாட்டு வகுப்பு இருக்கட்டும் டீச்சர் என்றார். அக்கா அத்தானைப் பார்த்த பார்வையை நான் எழுதமாட்டேன். அது அவர்கள் விஷயம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அத்தான் பெட்டியைக் குறுக்கே வைத்தார். மீட்டர் சுவரைப் பார்த்தது. கூடத்தில் ஊசி விழுந்தால் கேட்கும் அமைதி. ஆம்ப்ளிஃபயர் செய்யத் தொடங்கிய நாளிலிருந்து முதல்முறையாக அதில் ஒரு பாட்டைப் போட்டுவிட்டுச் சாய்ந்து உட்கார்ந்தார். அக்காவும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். உண்மையைச் சொல்ல வேண்டும், அப்படி ஒரு பாட்டை நான் கேட்டதே இல்லை. அந்த இடுப்பு வலிக்கெல்லாம் ஓர் அர்த்தம் இருந்தது போலிருந்தது.

பாதிப் பாட்டில் அத்தான் துள்ளி எழுந்தார். முகம் வெளுத்திருந்தது. "இன்னும் இருக்கு" என்று ஸ்பீக்கரிடம் ஓடிக் காதை வைத்தார். அங்கே இல்லை. ஆம்ப்ளிஃபயரைக் கேட்டார், பெட்டியைக் கேட்டார், சுவரைக் கூடக் கேட்டார். எங்கே போனாலும் கூடவே வருகிறது என்றார்.

அக்கா அவர் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்தாள். அவர் உதட்டின் மேல் தன் விரலை வைத்தாள்.

"உஷ்" என்றாள். முனகல் நின்றது.