கை பிடித்து ஏற்றியவள்

பொன்மலர் பிளாசாவை 2002-இல் திறந்தபோது, எஸ்கலேட்டரின் அடியில் நிற்பதற்கென்றே ஒரு பெண்ணை வேலைக்கு எடுத்தார்கள். அவள் பெயர் சௌந்திரம். செவ்வாய்ப்பேட்டைச் சந்துகளில் சாமான் வாங்கிப் பழகியவர்களுக்குத் தானாக நகரும் படி புதிது. சிலர் கோயிலுக்குள் போவதுபோலச் செருப்பைக் கீழே விட்டுவிட்டு ஏறினார்கள். பிறகு பின்பக்கப் படிக்கட்டு வழியாக இறங்கி, வெறுங்காலோடு கட்டடத்தைச் சுற்றிவந்து செருப்பைத் தேடினார்கள். முதல் படியில் கால் வைக்கத் தயங்கும் பெண்களின் கையைப் பிடித்து ஏற்றிவிடுவது சௌந்திரத்தின் வேலை. "கீழ பாக்காதீங்க, என்னையப் பாருங்க" என்பாள். பார்ப்பார்கள். கால் ஊன்றியதும் அவளை மறந்துவிட்டு மேலே போவார்கள்.

முதல் மாடி முழுக்கப் பட்டுக் கடை. கல்யாணப் பட்டு எடுக்க ராசிபுரத்திலிருந்தும் மேச்சேரியிலிருந்தும் வேன் பிடித்து, நல்ல நேரம் பார்த்து, இருபது முப்பது பேராக வருவார்கள். அவர்களின் கையைப் பிடிக்கிறவள் பூவும் பொட்டுமாக இருக்க வேண்டும் என்று சேர்க்கும்போதே முதலாளி கறாராகச் சொல்லியிருந்தார். அப்போது அவளுக்கு அது ஒரு நிபந்தனையாகவே தெரியவில்லை.

2006-இல், ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் லாரியோடு சத்தீஸ்கர் போன அவள் புருஷன் அங்கேயே காய்ச்சலில் இறந்துபோனான். மகன் சபரிநாதனுக்கு ஒன்பது வயது. காரியமெல்லாம் முடிந்து, வேலையிலிருந்து நின்றுகொள்கிறேன் என்று சொல்லத்தான் வந்தாள். சூப்பர்வைசர் காளியப்பன் அவளைத் தனியாகக் கூப்பிட்டார்.

"மொதலாளிக்குத் தெரிய வேண்டாம். எப்பவும் போலப் பொட்டோட வந்து நில்லுங்க. ஊட்டுக்குப் போறப்ப எடுத்துருங்க."

அன்றிலிருந்து காலையில் மாலுக்குள் நுழைந்ததும், பாத்ரூம் கண்ணாடியைப் பார்த்து ஒட்டுப்பொட்டு வைத்துக்கொண்டாள். வேலை முடிந்ததும் உரித்துவிட்டு, வெறும் நெற்றியோடு கொண்டலாம்பட்டி பஸ் ஏறினாள். கூட வேலை செய்யும் பெண்கள் புருஷனைப் பற்றிக் கேட்டால், லாரியில் போயிருக்கிறார் என்பாள். பத்தொன்பது வருஷமாக அவர் லாரியில் போயிருந்தார். யாரையாவது வீட்டுக்குக் கூப்பிட்டால் குட்டு உடைந்துவிடும் என்று அவள் கூப்பிட்டதில்லை. கூப்பிடாதவளை அவர்களும் கூப்பிடவில்லை.

இதற்கிடையில் மாலுக்கும் வயதானது. இரண்டாம் மாடியில் தியேட்டர் வந்த புதிதில் ஞாயிற்றுக்கிழமைகளில் நிற்க இடமிருக்காது. பைபாஸ் பக்கம் இன்னும் பெரிய மால் வந்ததும் தியேட்டர்க்காரர்கள் காலி செய்தார்கள். கொரோனாவில் மூடிய உணவுக் கடைகள் திறக்கவே இல்லை. அதற்குள் எஸ்கலேட்டரும் எல்லோருக்கும் பழகிவிட்டது. போனைப் பார்த்தபடியே ஏறினார்கள். ஒரு நாளைக்கு நாலைந்து கிழவிகள் கை நீட்டினால் அதிகம். மற்ற நேரமெல்லாம் முன்னால் கைகளைக் கோத்துக்கொண்டு சும்மா நின்றாள். காளியப்பன் ஓய்வு பெற்றுப் போனபின் உண்மை தெரிந்தவர் என்று அங்கே யாருமில்லை. இந்த வருஷம், கட்டடத்தை விற்பதாக முடிவாகி, பட்டுக் கடையில் கடைசித் தள்ளுபடி போட்டார்கள்.

அதே மாதத்தில்தான் சபரிக்குப் பெண் அமைந்தது. பெங்களூரில் வேலை பார்க்கும் அவனுக்கு ராசிபுரத்து நித்யஸ்ரீ. பெண்வீட்டார் தள்ளுபடி விளம்பரத்தைப் பார்த்துவிட்டு, நம்ம சம்பந்தியம்மா வேலை பார்க்கிற இடம்தானே, பட்டை அங்கேயே எடுத்துவிடலாம் என்றார்கள். சபரிக்கு அப்பா இல்லை என்பது அவர்களுக்குத் தெரியும். அம்மாவுக்கு என்ன வேலை என்று கேட்டதில்லை. அவளும் சொன்னதில்லை. வேண்டாம் என்றால் ஏன் என்பார்கள். இந்தச் சம்பந்தம் தன்னால் கெட்டுவிடுமோ என்ற பயத்தில் சரி என்று சொல்லிவிட்டாள்.

பட்டெடுக்கும் நாளில் லீவு போட்டாள். பொட்டில்லாமல், மாப்பிள்ளையின் அம்மாவாக மட்டும், அவர்களோடு வாசலில் நுழைந்தாள். சேர்ந்து ஆறு மாதமான செக்யூரிட்டி அன்பரசு அவளைப் பார்த்ததும் சிரித்துக்கொண்டே வந்தான்.

"என்னக்கா, நெத்தி வெறிச்சுனு இருக்குது? பொட்டு எங்கியோ உளுந்துருச்சு பாருங்க. பொட்டில்லாம உங்கள ஒரு நாளும் பாத்ததில்லையே."

நல்ல மனசோடுதான் சொன்னான். நித்யஸ்ரீயின் அத்தை சென்னியம்மாள் அன்பரசுவைப் பார்த்தாள், எஸ்கலேட்டரைப் பார்த்தாள், கடைசியாகச் சௌந்திரத்தின் முகத்தைப் பார்த்தாள். பிறகு, மூட்டு வலிக்கு நடப்பது நல்லது என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் படிக்கட்டுப் பக்கம் திரும்பினாள். மொத்தக் கூட்டமும் அவள் பின்னால் போனது. எஸ்கலேட்டர் காலியாக ஓடிக்கொண்டிருந்தது.

மேலே, முதல் புடவையைத் தொட்டு எடுக்கச் கூட வந்திருந்த சௌந்திரத்தின் தம்பி மனைவியை உட்கார வைத்தார்கள். அது வழக்கம்தான். சௌந்திரம் பின்னால் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் கழித்துச் சென்னியம்மாள் எழுந்து அவளருகே வந்து நின்றாள்.

"எம்பட மவளுக்கு இங்கதான் பட்டெடுத்தோம். பதினாலு வருசமாச்சு. அன்னிக்கு எங் கையப் புடிச்சு ஏத்துனது நீங்கதானுங்க?"

அது யாராவது வேறு பெண்ணாக இருக்கும் என்று சொல்லியிருக்கலாம். பத்தொன்பது வருஷம் சொன்ன பொய்களோடு இன்னொன்று. சௌந்திரத்துக்கு ஏனோ வாய் வரவில்லை.

"நாந்தானுங்க. பொட்டு வெச்சாத்தான் வேலைன்னாங்க. பையன் சின்னப்பையனுங்க."

சென்னியம்மாள் சபரியின் அப்பா இறந்த வருஷத்திலிருந்து விரல் மடக்கி எண்ணிப் பார்த்தாள்.

"எம்பட மவ நல்லாத்தான் இருக்கறா. ரெண்டு பசங்க" என்றாள், அது எப்படி என்று தனக்கே விளங்காதவள்போல. பிறகு புடவைகள் விரித்திருந்த இடத்துக்குப் போய் உட்கார்ந்துகொண்டாள். வாங்க என்று கூப்பிடவில்லை. போங்க என்றும் சொல்லவில்லை.

சம்பந்தம் கெடவில்லை என்று சௌந்திரத்துக்குப் புரிந்தது. அதற்குமேல் அங்கே உட்கார முடியாமல் கீழே இறங்கி, வழக்கமாக நிற்கும் இடத்திலேயே அவர்களுக்காகக் காத்து நின்றாள். அவர்கள் வேன் பின்பக்கம் நின்றது. அந்த வழியாகவே போய்விட்டார்கள்.

சாயங்காலம் சபரி போன் செய்தான். நித்யா புடவைப் படம் அனுப்பியிருக்கிறாள், அருமையாக இருக்கிறது என்றான். என்ன கலர் என்று சௌந்திரம் கேட்டாள்.

"ஏம்மா, நீங்க அங்கதான இருந்தீங்க?"

"இருந்தேன் சாமி. அந்த லைட்டு வெளிச்சத்துல சரியாத் தெரியல. நீ சொல்லு."