என் கையெழுத்தில் இரண்டு காகிதங்கள்

கடலூர் பழைய நகரில் வலைச் சாமான் விற்கும் கடை ஒன்று இருந்தது. நூல், தூண்டில் முள், வலையின் அடிக்கயிற்றில் கோக்கும் ஈயம் எல்லாம் எங்கள் குப்பத்துக்கு அங்கிருந்துதான் வரும். கடைக்காரர் பரங்கிப்பேட்டைக்காரர்; எல்லோருக்கும் பாய். அவருக்குத் தமிழ் படிக்க வராது. நான் எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவன், அப்போது சிதம்பரத்தில் கல்லூரி. சனிக்கிழமை ரயிலைவிட்டு இறங்கினால், பாய்க்குப் பத்திரிகை படித்துக் காட்டிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவேன்.

அது கார்த்திகை மாதம். விடாத மழை. கட்டுமரங்கள் கரையேறிப் பல நாளாகியிருந்தன. என்னைக் கண்டதும் பாய் குரலைத் தாழ்த்தினார்.

“ஒன் மாமன் வந்தான் தம்பி. ஈயத்த மொளவு மாதிரி சின்னச் சின்னதா உருட்டிக் குடுன்னு கேக்குறான். வலைக்கு எதுக்குடா மொளவு ஈயம்னு புடிச்சி உலுக்குனேன். துப்பாக்கியாம்!”

அம்மாவின் ஒன்றுவிட்ட தம்பி அவர். சிதம்பரம் பக்கம் ஒரு மிராசுதாரர் வீட்டுக்குக் கூலி வேலைக்குப் போயிருந்தார். அங்கே துப்பாக்கி களவு போன செய்தியைப் போன வாரம் பாய்க்குப் படித்துக் காட்டியவனே நான்தான்.

“புள்ளைங்க பட்டினியாம். கொக்கு, நாரை அடிச்சிக் குடுத்துட்டு, மழ விட்டதும் எடுத்த எடத்துலயே வச்சிடுவேன்னு அழுவுறான். நாலு அறை வுட்டு, துப்பாக்கிய வாங்கி நானே கொண்டுபோயி மிராசுதாருகிட்ட குடுத்துட்டு வந்துடட்டுமா? நீ படிச்சவன், சொல்லு.”

“தப்பு பாய். தெரிஞ்சும் மறைச்சா நீங்களும் குத்தவாளிதான். ஸ்டேஷனுக்கு எழுதிடணும்.”

“ஒன் மாமன்டா!”

“இருந்தா என்ன? சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதான்.”

பாய் ஒரு காகிதத்தை எடுத்துத் தந்தார். ‘அபாயகரமான ஆயுதம்’ என்று எழுதி அடிக்கோடும் போட்டேன். அந்தச் சொற்கள் எனக்கு அவ்வளவு பிடித்திருந்தன. பாய் அடியில் கைநாட்டு வைத்தார்.

போலீஸ் சொல்லிக்கொடுத்தபடி, “துப்பாக்கிக் கொழா வாய் எம்மாம் அகலம்னு பாத்தாதான் ஈயம் உருட்ட முடியும், எடுத்துட்டு வா” என்று பாய் மாமனிடம் சொன்னார். பழைய வலையில் சுற்றித் துப்பாக்கியைக் கொண்டுவந்த மாமனை, கயிறு வாங்க வந்தவர்கள் போல நின்ற இரண்டு போலீஸார் பிடித்துக்கொண்டார்கள்.

சிதம்பரம் கோர்ட்டு வாசலில் கைவிலங்கோடு அவரைப் பார்த்தேன். முகத்தில் வீக்கம்.

“மாப்ள, காலேஜிக்குப் போவாம இங்க ஏன்டா நிக்கிற? பாய் காட்டிக் குடுத்துட்டான் பாத்தியா. அவன் கடைப்பக்கம் இனிமே போவாத.”

நான் தலையாட்டினேன். ஆறு மாதம் தண்டனை விழுந்தது.

குப்பத்துப் பஞ்சாயத்து கூடியது. பாய் கடையில் யாரும் நூல்கூட வாங்கக் கூடாது என்று கட்டுப்பாடு வைத்தார்கள். ஒருவரோடு ஊர் உறவை முறித்தால் அதை எழுதிக் கொடுத்தனுப்புவது எங்கள் வழக்கம். “எழுதுறா தம்பி, அதுக்குத்தான ஒன்னப் படிக்க வச்சோம்” என்றார் பஞ்சாயத்துத் தலைவரான நாட்டார். அங்கேயே வாயைத் திறந்திருக்கலாம். மகன் எழுதப்போகிற பெருமையில் அப்பா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டார். எழுதினேன்.

அடுத்த சனிக்கிழமை எதிர்ச்சாரியில் ஒதுங்கிப் போன என்னைப் பாய் கூப்பிட்டார்.

“தம்பி, ஒங்க ஊருலேர்ந்து காயிதம் வந்துருக்கு. படி.”

படித்தேன். ‘நம்பியவனைக் காட்டிக்கொடுத்தபடியால்’ என்ற வரியையும் படித்தேன். முடித்ததும் காகிதத்தை வாங்கி, படிக்கத் தெரியாத அந்த எழுத்தின்மேல் விரலை ஓட்டினார். ஓரிடத்தில் விரல் நின்றது. அங்கேயும் நான் அடிக்கோடு போட்டிருந்தேன்.

“அன்னிக்கும் இதே மாதிரிதான் ஒரு கோடு போட்ட” என்றார்.

பொங்கலுக்குள் கடையை எடுத்துவிட்டு ஊருக்குப் போய்விட்டார். மாமன் விடுதலையாகி வந்தபோதும், பாய் பெயரைச் சொல்லித் திட்டிக்கொண்டேதான் வந்தார். பக்கத்தில் அவர் மூட்டையைத் தூக்கிக்கொண்டு நான் நடந்தேன்.